குடிசை விட்டுச் சென்ற வட்டம்

வரலாறு என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை கோபுரங்களும் கோட்டைகளும் அரண்மனைகளும் பேராலயங்களுமே. கல்லில் கட்டியோரின் பெயர் கல்வெட்டாய் நிலைக்கின்றது. மண்ணாலும் மூங்கிலாலும் ஓலையாலும் வீடு கட்டி வாழ்ந்தோரின் பெயரோ சில மழைக்காலங்களைக்கூடத் தாண்டுவதில்லை. ஆயினும் மானிட வரலாற்றின் மிகப் பெரும் பகுதி குடிசைகளில் நடந்த வரலாறே ஆகும். மனிதர் தானியத்தைச் சேமிக்கக் கற்றதும், மாட்டைத் தொழுவில் கட்டிப் பழக்கியதும், மட்கலம் வனைந்ததும், தாய் தன் பிள்ளைக்கு மொழியைப் புகட்டியதும் கூரை வேய்ந்த சிறு குடில்களின் நிழலிலேதான். அந்தக் குடில்களின் சுவடுகள் எங்கேனும் எஞ்சியுள்ளனவா, எஞ்சியிருப்பின் அவை நம்பிக்கை கொண்ட நமக்கு என்ன சொல்கின்றன என்பதை இக்கட்டுரையில் எண்ணிப் பார்ப்போம்.

பெயரில் நிற்கும் வயல்

காரைக்கால் நகரின் ஒரு பகுதியாகிய கோவில்பத்திலிருந்தே தொடங்குவோம். இங்குள்ள பார்வதீசுவரர் கோயில் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற பழம்பெருந் தலம். அதன் பழம்பெயர் திருத்தெளிச்சேரி. நாடு மழையின்றி வாடிய காலத்தில் இறைவனே உழவராய் வந்து வயலில் விதை தெளித்தார் என்றும், அதனால் இப்பெயர் அமைந்தது என்றும் ஊரார் பெயர்க்காரணம் கூறுவர். ‘பற்று’ என்னும் பழந்தமிழ்ச் சொல் நிலத்தையும் வயலையும் குறிக்கும். அது ‘பத்து’ என மருவி வழங்குவதால், கோவில்பத்து என்பதற்குக் கோயிலைச் சார்ந்த நிலம் என்று பொருள்கொள்ள இடமுண்டு. இவ்வாறு இந்த ஊரின் இரண்டு பெயர்களிலும் வயலும் விதைப்பும் மக்கள் சேர்ந்து வாழ்ந்த சேரியும் ஒளிந்து கிடக்கின்றன. கோயில் கல்லாய் நிற்கின்றது. அதைச் சூழ்ந்து வாழ்ந்து, விதைத்து அறுத்த மக்களின் வீடுகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. அவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்கு ஊரின் பெயரே சான்று.

இதில் வியப்பேதும் இல்லை. நம் நாடு கல் இல்லாத நாடு. காவிரியும் அதன் கிளையாகிய அரசலாறும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து குவித்த வண்டலின்மேல் நாம் வாழ்கின்றோம். கோயில் எழுப்பக் கருங்கல் வேண்டுமெனில் தொலைவிலிருந்தே கொண்டுவர வேண்டியிருந்தது. ஏழை உழவருக்குக் கிடைத்தவை களிமண், மூங்கில், வைக்கோல், பனையோலை, தென்னங்கீற்று ஆகியவையே. இவை அனைத்தும் மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்புகின்றன. கடலும் ஆறும் மாறிமாறி இந்நிலத்தைப் புரட்டிப் போட்டு வந்திருக்கின்றன. எனவே நம் முன்னோரின் மிகப் பழைய குடிசை எப்படி இருந்தது என்று அறிய வேண்டுமானால், வண்டல் நிலத்தை விட்டுக் குன்றுகள் நிறைந்த மேட்டு நிலங்களுக்கு நாம் செல்ல வேண்டும்.

பையம்பள்ளியின் குழிகள்

பழைய வடஆர்க்காடு மாவட்டத்தில், இன்றைய திருப்பத்தூரை அடுத்த குன்றுப் பகுதியில், பையம்பள்ளி என்றொரு சிற்றூர் உள்ளது. இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த எஸ். ஆர். ராவ் அவர்களின் தலைமையில் 1964-65-ஆம் ஆண்டிலும், பின்னர் 1967-68-ஆம் ஆண்டிலும் அங்கே அகழாய்வு நடைபெற்றது. இரும்பை அறியாத, வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகளைக் கொண்டு வாழ்ந்த புதிய கற்கால மக்களின் குடியிருப்பு ஒன்று அங்கே வெளிப்பட்டது. பொன்னோ மணியோ நிறைந்த புதையலைத் தேடிச் சென்றவர்களுக்கு அந்த இடம் ஏமாற்றமே அளித்திருக்கும். ஏனெனில் அங்கே தலையாய கண்டுபிடிப்பு நிலத்தில் தோண்டப்பட்ட சில பள்ளங்களே.

வட்டமாகவும் முட்டை வடிவிலும் நீள்வடிவிலும் தோண்டப்பட்ட அந்தப் பள்ளங்கள் மக்கள் வாழ்ந்த வீடுகள். பள்ளத்தைச் சுற்றிக் கம்பம் நட்ட குழிகள் இருந்தன. கம்பங்களின்மேல் கூரை வேய்ந்து, பாதி நிலத்தினுள்ளும் பாதி நிலத்தின் மேலுமாக அமைந்த குடில்களில் அம்மக்கள் வாழ்ந்தனர். உள்ளே அடுப்பு இருந்தது. தானியம் அரைத்த கற்கள் கிடைத்தன. கரித்துண்டுகளைக் கொண்டு கணித்ததில், அக்குடியிருப்பின் ஒரு காலகட்டம் கி.மு. 1400-ஐ ஒட்டியது எனத் தெரிய வந்தது. அதாவது இற்றைக்கு ஏறத்தாழ 3400 ஆண்டுகளுக்கு முன். மோசே இஸ்ரயேல் மக்களை எகிப்தினின்று அழைத்து வந்ததாக விவிலிய அறிஞர் பலர் கருதும் காலத்திற்கும் சற்று முற்பட்டது அது.

கம்பம் நட்ட குழி எவ்வாறு இத்தனை காலம் நிலைத்தது என்று வாசகர் கேட்கலாம். இது எளிதில் விளங்கக்கூடியதே. மரக்கம்பம் ஒன்றை நிலத்தில் நடுகின்றோம். ஆண்டுகள் பல கழிந்தபின் மரம் மட்கிப் போகின்றது. மட்கிய இடத்தில் மேலிருந்து வேறு மண் வந்து நிரம்புகின்றது. அந்த மண் சுற்றியுள்ள கெட்டி மண்ணைக் காட்டிலும் கருமையாகவும் இளகியதாகவும் இருக்கும். அகழ்வோர் தரையைச் சிறு கரணையால் சீராகச் சுரண்டி வரும்போது, வெளிறிய மண்ணில் கருவட்டங்களாக அவை கண்ணுக்குப் புலப்படும். அவ்வட்டங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தால் வீட்டின் வடிவம் தெரியும். கம்பம் போய்விட்டது, கம்பம் இருந்த இடம் போகவில்லை. எளியோரின் வரலாறு பெரும்பாலும் இவ்வாறே நமக்குக் கிடைக்கின்றது.

தெக்கலக்கோட்டையின் கல் வளையங்கள்

பையம்பள்ளிக்கு வடமேற்கே, கருநாடகத்தின் பல்லாரி மாவட்டத்தில், பெரும்பாறைகள் உருண்டு கிடக்கும் கருங்கல் குன்றுகளின் இடையே தெக்கலக்கோட்டை அமைந்துள்ளது. எம். எஸ். நாகராஜ ராவ், கே. சி. மல்கோத்ரா ஆகிய இரு அறிஞர்கள் 1963-64-ஆம் ஆண்டில் அங்கே அகழ்ந்து, 1965-இல் தங்கள் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். கி.மு. 1700-ஐ ஒட்டிய காலத்தில் அக்குன்றின்மேல் மக்கள் வட்டக் குடிசைகள் அமைத்து வாழ்ந்துள்ளனர். பாறைகளுக்கு இடையே கிடைத்த சமதளத்தைச் செம்மைப்படுத்தி, கம்பங்களை வட்டமாக நட்டு, தட்டி கட்டி மண் பூசிச் சுவர் எழுப்பி, சுவரின் அடியில் கற்களை வளையமாக அடுக்கி, மேலே கூம்பு வடிவில் கூரை வேய்ந்தனர். அப்பகுதியில் எளிய மக்கள் அந்நாளிலும் கட்டி வந்த குடிசைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தே, சிதைந்து கிடந்த சுவடுகளின் பொருளை அகழ்ந்தோர் நன்கு விளங்கிக் கொண்டனர். ஏறக்குறைய 3700 ஆண்டுகளுக்கு முற்பட்ட வீட்டைப் புரிந்துகொள்ள, பக்கத்து ஊரின் ஏழைக் குடும்பம் ஒன்றே நூலாய் உதவியது.

தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்களில் காணப்படும் இன்னொரு வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். இறந்த பச்சிளங்குழந்தைகளை மட்கலத்தில் இட்டு, வீடுகள் அமைந்த பகுதியிலேயே புதைத்தனர். ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவர அத்தாய்மாருக்கு மனம் வரவில்லை போலும். எழுத்தறியாத அம்மக்களின் உள்ளத்தை நமக்குக் காட்டும் ஒரே ஏடு இந்தப் புதைகலமே. கல்லறைத் திருநாளன்று குழந்தைகளின் சிறு கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும் நம் தாய்மார் இதை உடனே புரிந்துகொள்வர். அவர்களை ‘கற்கால மனிதர்’ என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவதற்கு முன், நாம் சற்றுத் தயங்க வேண்டும்.

ஏலகிரி, சவ்வாது, சேர்வராயன் மலைகளில் இன்னொன்றையும் காணலாம். அப்பழங்காலக் கற்கோடரிகள் உழும்போதும் மழை அரித்தபோதும் வெளிப்பட, மலைவாழ் மக்கள் அவற்றை எடுத்துச் சென்று சிறு கோயில்களில் வைத்து வணங்கி வந்துள்ளனர். தமிழகத் தொல்லியலின் முன்னோடியாகிய ராபர்ட் புரூஸ் ஃபூட் சேர்வராயன் மலையில் இவ்வழக்கத்தைக் கண்டு பதிவு செய்துள்ளார். கோடரி செய்தவர் யார் என்பதை மக்கள் மறந்தனர். எனினும் அது எறிந்துவிடத் தகாத ஒரு பொருள் என்னும் உணர்வை மறக்கவில்லை. நம் சமயக் கொள்கை வேறாயினும், முன்னோரின் கைவேலையை மதிக்கும் அந்தப் பணிவு நாமும் கற்கத் தக்கதே.

அடுப்பும் தொழுவும்

வீடு இருந்தால் வயல் இருந்திருக்க வேண்டும். அக்கால வயலின் வரப்புகளை இன்று காண்பது அரிது. ஆனால் வயலில் விளைந்தது கிடைத்துள்ளது. பையம்பள்ளியில் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. பச்சைத் தானியம் மண்ணில் முளைக்கும், அல்லது அழுகும், அல்லது பூச்சிக்கு இரையாகும். அடுப்பில் தவறி விழுந்து கரியான தானியத்தைப் பூச்சி தீண்டுவதில்லை. அது தன் வடிவம் மாறாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். அகழ்ந்தெடுத்த மண்ணை நீரில் கரைத்தால் அத்தகைய கரித் துகள்கள் மேலே மிதக்கும். அவற்றை வடித்தெடுத்து, உருப்பெருக்கியால் நோக்கி, இன்ன பயிர் என்று அறிஞர் கூறுவர். இம்முறையில் கருநாடக, ஆந்திர மேட்டு நிலங்களில் நடந்த ஆய்வுகள், சிறுதானிய வகைகள் இரண்டும் கொள்ளும் பச்சைப்பயறுமே அம்மக்களின் முதன்மை உணவு என்பதைக் காட்டியுள்ளன. இவை பிற நாட்டிலிருந்து வந்த விதைகள் அல்ல. இந்நாட்டுக் காடுகளில் தாமாய் வளர்ந்தவற்றை இந்நாட்டு மக்களே பயிராக்கியவை. நாம் இன்று அருந்தும் கொள்ளு ரசத்திற்குப் பின்னால், பெயர் தெரியாத எத்தனையோ தலைமுறைப் பெண்களின் பொறுமை இருக்கின்றது.

மாட்டுத் தொழுவின் சுவடும் கிடைத்துள்ளது. பழைய மகபூப்நகர் மாவட்டத்து உட்னூரில் பெரியதொரு சாம்பல் மேடு நெடுங்காலமாய் மக்களுக்குப் புதிராய் இருந்தது. அரக்கரின் எலும்புச் சாம்பல் என்பது போன்ற கதைகள் இத்தகைய மேடுகளைப் பற்றி வழங்கின. ஆல்ச்சின் என்னும் ஆங்கில அறிஞர் 1957-இல் அதை அகழ்ந்து, அது மாட்டுத் தொழு என்று மெய்ப்பித்தார். சாணம் குவிந்து, மீண்டும் மீண்டும் எரிக்கப்பட்டு, மேடாய் உயர்ந்திருந்தது. அடுக்குகளின் இடையே மாடுகளின் குளம்புத் தடங்கள் பதிந்தவாறே இருந்தன. எழுத்தில்லாத காலத்தின் ஒரு மாலைப்பொழுது, மந்தை தொழுவுக்குத் திரும்பிய ஒரு மாலைப்பொழுது, சாம்பலில் பதிந்து நம் கைக்கு வந்து சேர்ந்துள்ளது.

ஸ்காட்லாந்தின் மலைச்சரிவில்

இந்தியக் குன்றுகளில் மக்கள் வட்டக் குடிசை கட்டிய ஏறத்தாழ அதே ஆயிரத்தாண்டில், உலகின் மற்றொரு கோடியாகிய ஸ்காட்லாந்து நாட்டின் மலைச்சரிவுகளிலும் மக்கள் வட்டக் குடிசைகளே கட்டினர். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் காற்றைத் தாங்கவும், நடுவில் நெருப்பைச் சுற்றி அமரவும் வட்டமே ஏற்றது என்று இரு சாராரும் கண்டனர். அங்கே கல் மிகுதி, உழவு குறைவு. ஆதலால் குடிசைச் சுவரின் அடித்தளக் கற்கள் வட்டம் வட்டமாக இன்றும் நிலத்தின்மேல் தெரிகின்றன. வாயில் இருந்த இடம் இடைவெளியாய்த் தெரிகின்றது. அது பெரும்பாலும் காலைக் கதிரவனின் ஒளி புகுமாறு தென்கிழக்கு நோக்கி அமைந்துள்ளது. அவ்வட்டங்களைச் சுற்றிச் சிறுசிறு கற்குவியல்கள் நூற்றுக்கணக்கில் காணப்படுகின்றன. அவை கல்லறைகள் என்று முதலில் பலர் எண்ணினர். அவற்றுட் பெரும்பாலானவை, ஏர் ஓடத் தடையாயிருந்த கற்களை உழவர் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி வயலோரம் குவித்தவை என்பது பின்னர் புலனாயிற்று. சதர்லாந்துப் பகுதியின் லேர்க் என்னும் இடத்தில் 1988 முதல் நடந்த அகழாய்வு இத்தகைய வீடுகளையும் வயல்களையும் விரிவாக ஆராய்ந்தது. காலப்போக்கில் குளிரும் ஈரமும் மிகுந்து, மட்கிய செடிகொடிகளாலான கரிமண் படர்ந்து அவ்வயல்களுள் பலவற்றை மூடிவிட்டது.

அதே சதர்லாந்தின் சரிவுகளில் வேறு வகை இடிபாடுகளும் உள்ளன. அவை வட்டமானவை அல்ல, நீள்சதுரமானவை. அவற்றின் வயது 200 ஆண்டுகளே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குடியானவரைக் காட்டிலும் ஆடுகளே மிகுந்த வருவாய் தரும் என்று கண்ட பெருநிலக்கிழார் குடும்பம், தலைமுறை தலைமுறையாய் அங்கே உழுது வாழ்ந்தோரை வெளியேற்றியது. ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-இலும் 1819-இலும் நடந்த வெளியேற்றங்கள் இன்றும் அந்நாட்டு மக்களின் நினைவில் ஆறாத புண்ணாய் உள்ளன. மக்கள் திரும்பி வந்து குடியேறாதிருக்கும் பொருட்டு அவர்களுடைய வீட்டுக் கூரை மரங்கள் தீக்கிரையாக்கப்பட்டன. பலர் கடற்கரைக்குத் தள்ளப்பட்டனர். பலர் கப்பலேறிக் கனடா சென்றனர்.

ஒரே மலைச்சரிவில் பழைய வட்டமும் புதிய சதுரமும் அருகருகே கிடக்கின்றன. இரண்டையும் புல் மூடியுள்ளது. இரண்டின் அருகிலும் உழவர் பொறுக்கிக் குவித்த கற்கள் கிடக்கின்றன. முதலாவது வீட்டார் மண்ணும் வானிலையும் மாறியதால் மெல்ல மெல்லப் பெயர்ந்து சென்றனர். இரண்டாவது வீட்டார் விரட்டப்பட்டனர். இந்த வேறுபாட்டை மண் நமக்குச் சொல்வதில்லை. குடிசையின் வடிவத்தை மண் காத்து வைக்கும். அங்கே வாழ்ந்தவரின் பெயரையும், அவர் ஏன் அங்கே இல்லை என்பதையும் மனிதர்தாம் காத்து வைக்க வேண்டும். அவ்வாறு காத்து வைக்காவிடில், விட்டுச் சென்றவரும் விரட்டப்பட்டவரும் வருங்காலத்தாரின் பார்வையில் ஒன்றாகிவிடுவர்.

கீழத்தஞ்சையின் குடிசைகள்

இவ்வெண்ணத்தோடு நம் வண்டல் நிலத்துக்குத் திரும்புவோம். இங்கே கல் வளையம் எதுவும் எஞ்சாது என்று முன்னரே கண்டோம். அப்படியாயின் நம் குடிசைகளின் வரலாற்றை யார் காப்பது?

காரைக்காலைச் சூழ்ந்த கீழத்தஞ்சைப் பகுதியில் நெடுங்காலமாய் உழவுத் தொழிலாளர், அவருள்ளும் சிறப்பாகத் தாழ்த்தப்பட்ட மக்கள், தமக்குச் சொந்தமில்லாத மனையிலேயே குடிசை கட்டி வாழ்ந்தனர். குடிசை நின்ற இடம் நிலவுடைமையாளரின் இடம். கூலியைப் பற்றிக் குரல் உயர்த்தினால் குடியிருப்பையே இழக்க நேரிடும். 1968-ஆம் ஆண்டு, கூடுதலாகச் சிறிது நெல் கூலி கேட்டுச் சங்கமாய்த் திரண்ட தொழிலாளருக்கும் நிலவுடைமையாளருக்கும் இடையே பகை முற்றிய வேளையில், கீழ்வெண்மணியில் நடந்த கொடுமையை நாம் அறிவோம். தாக்க வந்தோருக்கு அஞ்சிச் சிறு குடிசை ஒன்றினுள் அடைக்கலம் புகுந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக, அக்குடிசையோடு எரிக்கப்பட்டனர். அன்று டிசம்பர் 25. நம் ஆலயங்களில் மாட்டுக்குடில் அமைத்து, வைக்கோல் பரப்பி, பாலன் இயேசுவை நாம் கிடத்தியிருந்த நாளின் இரவு அது.

இதைக் குறிப்பிடுவது பழைய பகையைக் கிளறுவதற்காக அன்று. அந்தக் குடிசையும் ஒரு நாள் பையம்பள்ளிக் குழியைப் போல, மண்ணில் ஒரு கருவட்டமாக மட்டுமே எஞ்சக்கூடும். அதில் இருந்தவர்களின் பெயர்களை மக்கள் நினைவில் காத்து, நினைவிடம் எழுப்பி, ஆண்டுதோறும் கூடி வருவதால்தான் அது வெறும் சாம்பலாகாமல் வரலாறாய் நிற்கின்றது. அந்நிகழ்வை அடுத்து 1969-இல் உழவுத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், 1971-இல் குடியிருப்பு மனைகளை அவற்றில் வாழ்வோருக்கே உரிமையாக்கும் சட்டமும் தமிழகத்தில் இயற்றப்பட்டன. குடிசை நிற்கும் சிறு துண்டு நிலம் குடிசை கட்டியவருக்கே சொந்தம் என்று சொல்வதற்கு, கம்பம் நட்டுக் கூரை வேய்ந்த காலத்திலிருந்து 3000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கின்றது. 1981-இல் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் தொடங்கிய உழுபவனின் நில உரிமை இயக்கம், இதே பகுதியில் நிலமற்ற பெண்களின் பெயரில் நிலம் கிடைக்கச் செய்ததும் இவ்வரலாற்றின் ஓர் ஏடே.

கடலோரக் குடிசைகளின் கதையும் இதனோடு சேரும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரையைத் தாக்கியபோது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கரையோரக் குடில்கள் அடியோடு துடைத்தெறியப்பட்டன. பின்னர் அங்கே புதிய கட்டட வீடுகள் எழுந்தன. எழுந்தது நன்றே. ஆயினும் பழைய குடியிருப்பு எங்கே இருந்தது, எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்திற்கு அண்டை என்பதை அறிந்தோர் இன்று முதியோராய் உள்ளனர். அவர்களுக்குப்பின் அதைச் சொல்ல மணலில் கல் வளையம் ஏதுமில்லை.

ஏழு நாள் கூடாரம்

நம் திருமறை இத்தகைய நினைவை மிகவும் பொருட்படுத்துகின்றது. இஸ்ரயேல் மக்கள் வாக்களிக்கப்பட்ட நாட்டில் குடியேறி, உறுதியான வீடுகள் கட்டியபின், ஆண்டுக்கு ஒருமுறை ஏழு நாள்கள் அவற்றைவிட்டு வெளியேறி, ஓலையாலும் தழையாலும் அமைத்த கூடாரங்களில் தங்க வேண்டும் என்று லேவியர் நூல் பணிக்கின்றது. தம் முன்னோர் நிலமற்றவராய்ப் பாலைநிலத்தில் அலைந்த காலத்தைத் தலைமுறை தோறும் மறவாதிருக்கவே இப்பெருவிழா. கல்வீடு கட்டியவன் தன் குடிசையை மறப்பான் என்பதையும், குடிசையை மறந்தவன் அடுத்தவனின் குடிசையை மதிக்கமாட்டான் என்பதையும் இறைவன் அறிந்திருந்தார். அவ்வாறு மறந்தவனுக்கு ஆகாபு அரசனே எடுத்துக்காட்டு. அரண்மனை இருந்தும், நாபோத்து தன் மூதாதையரிடமிருந்து பெற்ற சிறு திராட்சைத் தோட்டத்தின்மேல் அவன் ஆசை வைத்தான். அதன் பொருட்டு ஓர் உயிர் பலியாயிற்று. அயலானின் எல்லைக் கல்லை நகர்த்தலாகாது என்று இணைச்சட்ட நூல் கண்டிப்புடன் கூறுவதும், வயலில் அறுத்தவர்க்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலி இறைவனின் செவியில் கூக்குரலிடுகின்றது என யாக்கோபின் திருமுகம் எச்சரிப்பதும் இதே உண்மையின் வேறு வேறு முகங்களே. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட சுற்றுமடல், தொழிலாளரின் நியாயக் கூலியைத் திருச்சபையின் போதனையாய் நிலைநாட்டியது இவ்வழியிலேயே.

யோவான் நற்செய்தியின் முன்னுரையில், வாக்கு மனிதராகி நம்மிடையே குடிகொண்டதைக் குறிக்கும் கிரேக்கச் சொல், கூடாரம் அடித்தல் என்னும் பொருளை அடியாகக் கொண்டது. இறைமகன் வந்து தங்கியதைச் சொல்ல நற்செய்தியாளருக்குப் பொருத்தமாகத் தோன்றியது கோட்டை அன்று, கூடாரமே. தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாமும் அவர் பிறந்த இடத்திற்குக் ‘குடில்’ என்றே பெயரிட்டுள்ளோம். குடி, குடில், குடிசை, குடும்பம், குடியுரிமை ஆகிய யாவும் நம் மொழியில் ஒரே குடும்பத்துச் சொற்களாய் ஒலிக்கின்றன. குடிசையில் இருப்பவனும் முழு உரிமை பெற்ற குடிமகனே என்று நம் மொழியே சொல்வது போல் இருக்கின்றது.

இனி நாம் செய்யக்கூடியது என்ன? பங்குகளில் நம்மிடம் ஒரு செல்வம் உள்ளது. திரிதெந்தீன் பொதுச்சங்கத்தின் 1563-ஆம் ஆண்டு ஆணையை ஒட்டி, உலகெங்கும் பங்குத்தந்தையர் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைப் பேணி வருகின்றனர். செல்வன் பிள்ளைக்கும் கூலியாளின் பிள்ளைக்கும் அதில் ஒரே அளவு இடம், ஒரே வரி. கல்வெட்டில் இடம்பெற வழியில்லாத எத்தனையோ ஏழைகளின் பெயர் எழுத்தில் நிற்பது அந்த ஏட்டில் மட்டுமே. கரையானும் ஈரமும் அதை அழிக்கவிடாமல் காப்பது நம் கடமை. அந்த ஏட்டில் இல்லாதவற்றை, அதாவது குடும்பங்கள் எங்கிருந்து வந்தன, எந்த மனையில் இருந்தன, ஏன் பெயர்ந்தன என்பனவற்றை, முதியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க நம் இளைஞர் குழுக்களும் அன்பியங்களும் முன்வரலாம். தம் பெயரில் மனைப்பட்டா இன்றி இன்னும் குடியிருப்போர் நம் பங்குகளில் உள்ளனரா என்று கேட்டறிந்து, அவர்களோடு அலுவலகப் படி ஏறுவதும் வரலாற்றுப் பணியேயாகும்.

பையம்பள்ளியின் மக்கள் யாரென்று நமக்குத் தெரியாது. அவர்கள் பேசிய மொழி, கொண்ட தெய்வம், வைத்த பெயர் எதுவும் நம்மை எட்டவில்லை. அடுப்பில் கருகிய ஒரு பிடி கொள்ளும், கம்பம் நட்ட சில குழிகளுமே எட்டின. அவர்களுக்கு அதற்குமேல் எழுதிவைக்க வழியில்லை. நமக்கு வழி இருக்கின்றது. நம் ஊர்க் குடிசைகளில் வாழ்ந்தோர் கருவட்டங்களாய் மட்டும் எஞ்சாமல், பெயரோடும் உரிமையோடும் நினைக்கப்படுமாறு செய்வது, குடிலில் பிறந்தவரை வணங்கும் நம்மைச் சேர்ந்த பொறுப்பு.